ஐம்பதில் ஒருத்தி

"இருக்கறது ஒரே ஒரு ஆளு! அதுக்கு இவ்வளவு சத்தமா?"

பொதுப்பணி மந்திரி லஃபாயெலே கேட்ட கேள்விக்குச் சபையே சிரித்தது.

அந்தத் தீவின் பாராளுமன்றத்தில் மொத்தம் ஐம்பது இடம். நாற்பத்தொன்பது ஆளுங்கட்சி. மிச்சம் இருந்த ஒருத்தி லோசா.

"ஒரே ஆளா இருக்கறதாலதான் கத்த வேண்டியிருக்கு" என்றாள் லோசா. "ஒன்பதாம் பிரிவைப் படிங்க. கடல் சுவர் கட்ட யார் நிலத்தை வேணும்னாலும் மந்திரி ஒரே கையெழுத்துல எடுத்துக்கலாமாம். குடும்பத்தைக் கேட்க வேண்டாம். கோர்ட்டுக்கும் போக முடியாது. எங்க வீட்டு முற்றத்துல எங்கப்பா கல்லறை இருக்கு. உங்க எல்லார் வீட்டு முற்றத்துலயும் யாரோ ஒருத்தர் தூங்கறாங்க. நாளைக்கு அதை இடிச்சா யார்கிட்ட போய் அழுவீங்க?"

சிரிப்பு நின்றது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. லஃபாயெலேயே அப்போதுதான் ஒன்பதாம் பிரிவைத் தேடினார்.

"அடுத்த புயலுக்கு முன்னாடி சுவர் எழும்பியாகணும்மா!" என்றார் கோபமாக. "ஆஸ்பத்திரியைப் பதினோரே மாசத்துல கட்டினோம். எப்படி? குறுக்கே விழ ஆள் இல்லை, அதனால!"

"நல்ல ஆஸ்பத்திரி. என் மகளுக்கு அங்கதான் பிரசவம் ஆச்சு, நான் இல்லைங்கலை. அதே வேகத்துல தப்பும் பண்ணிடாதீங்கன்னுதான் சொல்றேன்."

பிரதமர் பெலெனாதோ எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"மசோதாவைச் சபையில வச்சு அரைமணி நேரம்கூட ஆகலை. நாற்பது பக்கம். அதுக்குள்ள உங்களுக்கு ஒன்பதாம் பிரிவு மனப்பாடமா? யாரோ திருடிக் கொடுத்திருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

யார் என்று லோசாவுக்கே தெரியாது. மூன்று நாள் முன்பு காலையில் கதவைத் திறந்தபோது மசோதாவின் நகல் வாசற்படியில் கிடந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு மசோதாவும் இப்படித்தான் வருகிறது.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு சபை கூடியது. ஆளுங்கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிரதமர் திருத்தத்தை வாசித்தார். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு பிடி மண்ணையும் எடுக்கக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஐம்பது கைகள் உயர்ந்தன. அந்தச் சபையில் லோசாவின் கையும் சேர்ந்து உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தால் திருவிழா! ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் லாரி லாரியாக வந்து இறங்கியிருந்தார்கள். தகர டின்னைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். தேவாலயப் பெண்கள் அவள் கழுத்தில் மாலை மாலையாகப் போட்டார்கள்.

"சுவரும் வருது, கல்லறையும் நிக்குது! நம்ம லோசா ஒருத்தி போதும்டி!" என்று ஒரு கிழவி அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

லோசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. டைப்பிஸ்ட் சுலுவை லஃபாயெலே வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். மசோதாவை வெளியே கொடுத்தது அவள்தான் என்று.

சுலுவுக்கு மூன்று குழந்தைகள்.

லோசா கழுத்து மாலையோடு நேரே பிரதமர் அறைக்குப் போனாள். லஃபாயெலேயும் அங்கேதான் இருந்தார்.

"சுலுவை விட்டுடுங்க ஐயா. அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. யாரையாவது தண்டிச்சே ஆகணும்னா நான் போறேன்." அங்கேயே ஒரு காகிதத்தில் ராஜினாமா எழுதி மேசையில் வைத்தாள்.

லஃபாயெலே துள்ளினார். "அப்படிப் போடுங்க! ஐம்பதுக்கு ஐம்பது! தலைவரே, மனசு மாறறதுக்குள்ள வாங்கி வச்சுக்குங்க!"

"நீ போய் சுலுவைக் கூப்பிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லு" என்றார் பிரதமர்.

"தலைவரே..."

"போய்யா. கதவைச் சாத்திட்டுப் போ."

கதவு சாத்திக்கொண்டது. பிரதமர் அந்தக் காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார்.

"மந்திரிசபையில அந்த மசோதாவை நான்தான் வாசிச்சேன். முதல் பக்கம் முடியறதுக்குள்ள எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. நானும் அப்படியே மூடி வச்சுட்டேன். ஒன்பதாம் பிரிவு என் கண்ணுலயும் படலை. எங்கம்மாவும் முற்றத்துலதான் இருக்கா, லோசா."

லோசா அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

"எல்லாரும் நல்லவங்கதான். ஆனா எனக்கு முன்னாடி ஒருத்தனுக்கும் 'இல்லை'ன்னு வாய் வராது. நீயும் போயிட்டா, அப்புறம் யாரும்மா படிப்பா?"

"அப்போ சுலு இல்லைன்னா, யார் கொடுத்தாங்கன்னு நீங்க தேடப் போறதில்லையா?"

பிரதமர் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"வெள்ளிக்கிழமை மீன்பிடி மசோதா வருது. அதுக்குள்ள உன் வீட்டு நாயைக் கட்டிப் போட்டு வை. போன தடவை வாசற்படி வரைக்கும் துரத்தி வந்து, இடுப்புல கட்டியிருந்த லாவாலாவா வேட்டியையே கிழிச்சிருச்சு!"