நடுக்கம்

"அக்கா, அண்ணனுக்குக் கால் நடுங்குது பாருங்க! நிறுத்திடட்டுமா?"

இஸ்மினியின் கட்டைவிரல் செல்போன் திரையில் இருந்த சிவப்புப் பொத்தானுக்கு மேலே தயாராக நின்றது. அழுத்தினால், த்ரோசோஸ் காலில் மாட்டியிருக்கும் மெஷின் முழங்கால் இரண்டையும் அப்படியே பூட்டிவிடும்.

"கையை எடு பொண்ணு," என்றாள் அவர் மனைவி செவஸ்தி, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நடுவுல காலைப் பூட்டினா, மெஷினைக் கழட்டி உன் கையில கொடுத்துட்டு சக்கர நாற்காலியிலயே கிடப்பேன்னு சொன்னாரா இல்லையா? சொன்னதைச் செய்யிற ஆளு. அந்த முரட்டு மனுஷனைக் கட்டிக்கிட்டு முழிக்கிறவ நான்!"

கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவே திருவிழாவுக்காகத் துறைமுகச் சதுக்கத்தில் கூடியிருந்தது. பிடில்காரர் இழுத்து இழுத்து வாசிக்க, கைகோத்த ஆண்கள் வரிசையின் முன்னால் கைத்தடியோடு ஆடிக்கொண்டிருந்தார் த்ரோசோஸ். கடற்பஞ்சு எடுக்க ஆழத்தில் முங்கி, அவசரமாக மேலே வந்ததில் கால் விழுந்துபோனவர். தொளதொள கறுப்புக் கால்சட்டைக்குள் மெஷின் இருப்பதே வெளியே தெரியவில்லை.

ஏதென்ஸிலிருந்து அதைச் செய்து கொண்டுவந்தவள் இஸ்மினி. பாதம் தரையைத் தொட்டால் இடுப்புப் பட்டை மெல்லத் தட்டிச் சொல்லும். விரல் மோதிரத்தை அவர் அழுத்தினால்தான் கால் அசையும். "என் காலை நான்தான் நடத்துவேன், நீ இல்ல" என்று அவளோடு மல்லுக்கட்டி அந்த மோதிரத்தை வாங்கியவர் அவர்.

இப்போது முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. கைத்தடி வழுக்கியது. பாதி உட்கார்ந்துவிட்டு, எழ முடியாமல் தள்ளாடினார்.

"விழப்போறார் அக்கா! ஊரே பார்க்குது! நான் பட்ட பாடெல்லாம் போச்சு..." இஸ்மினிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பேசாம பாரு."

த்ரோசோஸ் கைத்தடியை வீசி எறிந்தார். நிமிர்ந்தார். பிடில் துள்ள, மொத்த வரிசையையும் இழுத்துக்கொண்டு ஆடினாரே ஓர் ஆட்டம்! சதுக்கமே விசிலடித்தது.

வேர்த்து வழிய வந்தவரிடம் ஓடினாள் இஸ்மினி. "மெஷின்ல என்ன கோளாறு அண்ணே? ஏன் அப்படி நடுங்கிச்சு?"

"கோளாறா? ஏய் செவஸ்தி, இந்த ஏதென்ஸ்காரிகிட்ட நீ சொல்லவே இல்லையா?" வயிறு குலுங்கச் சிரித்தார் த்ரோசோஸ். "கடல்ல முங்கிக் கால் விழுந்தவனோட ஆட்டம்மா இது. முன்னால நிக்கிறவன் நடுங்கித்தான் ஆகணும், அதுதான் எங்க தீவு வழக்கம். மோதிரத்தைத் தட்டித் தட்டி நான்தான் நடுங்க வெச்சேன்."

சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் வரைக்கும் எழுந்து நின்னாலே இந்த நடுக்கம் தானா வந்துச்சு. இன்னிக்குத்தான் அம்மாடி, அதை நடிச்சுக் காட்டினேன்!"