நேருக்கு நேர்

வரிசையில் இன்னும் இரண்டே பேர். அப்புறம் அவள்தான்.

கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடி. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஊர் வானியல் சங்கத்தில் இன்றைக்குத்தான் சேர்ந்திருக்கிறாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்து கிடப்பவளுக்கு, கொஞ்சம் மேலேயும் பார்க்கலாமே என்று ஆசை வந்ததாம். கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னாள்.

பொய். அவள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

செவ்வாய்.

தோஷம் தோஷம் என்று, வந்த வரனையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிய மகராசன். ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவன், அவளுக்கு நாற்பது வயதாகியும் எழுந்தபாடில்லை. முகத்தையாவது பார்த்துவிட வேண்டாமா?

"எதை வேணாலும் பாத்துக்கோ. அவனை மட்டும் பாத்திராத" என்ற கட்டளையோடுதான் அம்மா சம்மதித்தாள். சம்மதித்ததோடு விட்டாளா? காவலுக்குக் கூடவே வந்து, தண்ணீர்த் தொட்டியோரம் கிழக்கு வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"வாங்க மேடம், செவ்வாய் வந்தாச்சு" என்றார் சங்கச் செயலாளர் இருதயராஜ்.

மாடி முழுக்கக் கேட்டது. அம்மா வெடுக்கென்று திரும்பினாள்.

அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தொலைநோக்கியில் குனிந்துவிட்டாள்.

முதலில் வெறும் கறுப்பு.

பிறகு ஓரத்திலிருந்து ஆடி ஆடி வந்தது. குட்டியாக, வட்டமாக, வெளிர் சிவப்பாக. தினமும் ஸ்லைடில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிற ரத்த அணுக்களில் ஒன்று தப்பித்து மேலே போய்விட்டதுபோல.

அடப்பாவி, நீயா!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எத்தனை செவ்வாய்க்கிழமை விரதம், எத்தனை சிவப்புத் துணி, எத்தனை படி துவரம்பருப்பு! எல்லாம் இந்தப் பொடிப்பயலுக்கா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை சந்தோஷமாக அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்தில் அம்மா.

திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குனிந்தாள்.

குனிந்தவள் எழவே இல்லை. செவ்வாய் நகர்ந்து வட்டத்தை விட்டு வெளியே போய்விட, இருதயராஜ் மறுபடி பிடித்துக் கொடுத்தார். அப்புறமும் பார்த்தாள்.

"ஏட்டி, இவன் இம்புட்டுதானா?"

குரல் உடைந்திருந்தது. கண்ணை எடுக்காமலே மகளின் கையைத் துழாவிப் பிடித்தாள். அழுத்திய அழுத்தில் வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்து சனி" என்று இருதயராஜ் தொலைநோக்கியை மேற்கே திருப்பினார்.

கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது அம்மா ஒருநாளும் சனிக்கு நேர் எதிரே நின்றதில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி, தலையைத் தூக்காமல் கும்பிட்டு நகர்ந்துவிடுவாள். சின்ன வயதில் தெரியாமல் எதிரே போய் நின்ற மகளையும் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

பிடித்திருந்த கை எப்போதோ விலகியிருந்தது. மகள் அவசரமாகத் திரும்பி அம்மாவைத் தேடினாள். தொட்டியோரம் காணோம். படிக்கட்டுப் பக்கமும் காணோம்.

புது வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தாள்.

காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு.