அறிவியல் மையத்தில் பெண் பார்க்கும் படலம்

வளைந்த கண்ணாடியில் நிஷா இரண்டடி உயரமும் நாலடி அகலமுமாகத் தெரிந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தன்னை இந்தக் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டுப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தலை சரியா இருக்கா நிஷா?" பின்னாலிருந்து அம்மா பிரிசில்லா கேட்டாள்.

"என் தலைக்கு இன்னா கொறச்சல்?" என்று வெடுக்கென்று சொன்னாள் நிஷா. பிரிசில்லா தன் கொண்டையைத் தானே தடவிச் சரிபார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் அறிவியல் மையத்துக்குப் போய் வரலாம் என்று பிரேம்நாத் மாமா சொன்னபோதே நிஷாவுக்குச் சந்தேகம்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அம்மா, டைனோசர் பார்ப்பதற்காக ஓவர்டைமை விடுகிற ஆள் இல்லை. மாமாவின் போனில் தற்செயலாகக் கண்ணில் பட்ட மெசேஜ் மிச்சத்தையும் சொல்லிவிட்டது. 'வீட்ல வெச்சா தெருவே பேசும். சயின்ஸ் சென்டர்ல சும்மா பாத்துக்கட்டும். பொண்ணுகிட்ட இப்ப சொல்ல வேணாம்.'

ஒன்றாம் தேதி பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். அப்பா போன பிறகு பதினான்கு வருஷம் ஒற்றை ஆளாய் நின்று படிக்கவைத்த அம்மாவைத் தனியே விட்டுப் போவதே மனதைக் குடைந்துகொண்டிருந்தது. இதில் கல்யாணம் ஒன்றுதான் குறைச்சல். வருகிறவன் தானாகவே தெறித்து ஓடும்படி செய்துவிடுவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

பதினோரு மணிக்கு ராணிப்பேட்டையிலிருந்து அவர்கள் வந்தார்கள். காதோரம் நரைத்த ஜெயசீலனும் அவர் மகன் ரூபனும். "அட, நீங்களும் இங்கதானா!" என்று மாமா நடித்த நடிப்பில் டிக்கெட் கிழிக்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

டைனோசர் பொம்மைக்குக் கீழே ரூபனை மடக்கினாள் நிஷா. "எனக்குச் சமைக்கத் தெரியாது. கோவம் ஜாஸ்தி. லீவு நாள்னா பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன்."

ரூபன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். "பரவால்லீங்க. அம்மா தவறினதுலேர்ந்து எங்க வீட்ல சமையல் எல்லாம் அப்பாதான். மீன் கொழம்பு வெச்சார்னா மாடி வீடு வரைக்கும் மணக்கும். கோவம்னா இன்னான்னே தெரியாது அவருக்கு."

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறானா பார். சரியான அப்பா பிள்ளை! நிஷா பல்லைக் கடித்தாள்.

அந்த அப்பாவோ சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பொத்தான் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். மின்சாரப் பந்தின் மேல் கையை வைத்ததும் அவருடைய தலைமுடி மொத்தமும் குத்திட்டு நின்றது. பிரிசில்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நிஷாவுக்கு நினைவில்லை.

டீ சொல்லிவிட்டு வருவதாக மாமா நழுவினார். மற்றவர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். அங்கே புல்வெளியின் இரண்டு முனைகளிலும் ஆளுயரத்துக்கு மேல் பெரிய இரும்புத் தட்டுகள் எதிரெதிரே நின்றன. 'ஒரு முனையில் மெதுவாகப் பேசினால் மறுமுனையில் கேட்கும்' என்றது பலகை. எதிர்த் தட்டின் நிழலில் அம்மாவும் ஜெயசீலனும் நிற்பதைப் பார்த்ததும், நிஷா இந்தத் தட்டின் நடுவிலிருந்த வளையத்தில் காதை வைத்தாள்.

"நிஷாவுக்குப் புடிக்கணுங்க." அம்மாவின் குரல் பக்கத்தில் நிற்பதுபோலவே கேட்டது. "அவ வேணான்னுட்டா இத இங்கயே விட்டுரலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எனக்கும் அதாங்க. பசங்க மனசு நோவக்கூடாது. ரூபன் சரின்னுட்டான்" என்றார் ஜெயசீலன்.

நிஷாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. அம்மா நம்ம கட்சி! இனி நடிப்பு எதற்கு? வளையத்தில் வாயை வைத்துச் சொன்னாள். "எனக்குப் புடிக்கலம்மா!"

அந்த முனையில் பிரிசில்லா திடுக்கிட்டுத் தட்டைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டிக்கொண்டாள். ஜெயசீலனிடம் ஏதோ சொல்லிக் கைகூப்பிவிட்டு, பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க அப்படிச் சொல்லிட்டீங்க?" பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரூபன் முன்னால் வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. "எங்கப்பா ரொம்ப நல்லவருங்க."

"உங்கப்பாவ இப்ப யாரு இன்னா சொன்னா? எனக்குப் புடிக்காதது உங்களத்தான்."

"என்னையா?" ரூபன் விழித்தான். "என்னைய எதுக்குங்க உங்களுக்குப் புடிக்கணும்?"

நிஷா சட்டென்று எதிர்முனையைத் திரும்பிப் பார்த்தாள். புல்வெளிக்கு அப்பால் பெஞ்சின் மறுகோடியில் ஜெயசீலன் தள்ளி உட்கார்ந்து, தன் தண்ணீர் பாட்டிலை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். யாரிடமும் எதையும் வாங்கிப் பழக்கமில்லாத அம்மா அதை எடுத்துக் குடித்தாள்.

நிஷாவுக்குக் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பலகையில் எழுதியிருந்ததை மறந்து, புல்வெளியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி வளையத்துக்குள் கத்தினாள்.

"அம்மா, உனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளைய எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு!"