மணி அடித்த பிறகு

பள்ளி முடிந்ததும் நடக்கும் விளையாட்டு, பாட்டு, நாடகம் எதற்கும் மாணவர்கள் ஏன் தங்குவதில்லை என்பதுதான் அந்த ஆய்வாளரின் தலைப்பு. இரண்டு பள்ளிகளில் யாருமே வாய் திறக்கவில்லை. இங்கேயும் கோட்டை விட்டால் முனைவர் பட்டத்தை மறந்துவிடலாம் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"கவலைய விடுங்க தம்பி. சாயங்காலம் எதுலயும் சேராத பசங்களா பாத்து அனுப்புறேன்" என்றார் தலைமை ஆசிரியை.

மாலையில் முதலில் வந்த பெண், "அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. தம்பிய யாரு சார் பாத்துப்பாங்க?" என்று கண் கலங்கினாள்.

அடுத்து வந்தவன், "அப்பா படுத்த படுக்கை சார். கடைய நான்தான் திறக்கணும்" என்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

மூன்றாமவன் பேசவே இல்லை. ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

ஆய்வாளர் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார். பிள்ளைகளை நினைத்துத் துக்கம் ஒரு பக்கம், ஆய்வேடு தன்னைத்தானே எழுதிக்கொள்ளும் போலிருக்கிறதே என்ற பூரிப்பு மறுபக்கம்.

ஓட்டமும் நடையுமாகத் தலைமை ஆசிரியையிடம் வந்தார். "மேடம், எனக்குப் பட்டம் கெடச்ச மாதிரிதான்! எங்க புடிச்சீங்க இந்தப் பசங்கள?"

"அத ஏன் கேக்குறீங்க தம்பி? எதுலயும் சேராத பசங்க மணி அடிச்சதும் சிட்டாப் பறந்துட்டாங்க. ஒருத்தன்கூட சிக்கல. நீங்களும் பாவம், காத்துக்கிட்டு இருந்தீங்களா... எங்க நாடகக் குழுவ அனுப்பிட்டேன்."

குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அழுகை இயல்பா வந்துச்சா?"