ஒன்பது மணி கான்வாய்

கிரிப் பிளேயரைக் காணோம்.

டூல் பெட்டியில் இல்லை. பெஞ்சில் இல்லை. பேன்ட் பாக்கெட்டிலும் இல்லை. எவன் எடுத்தான் என்று கத்த வாயைத் திறந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

எவனும் எடுக்கவில்லை. அது உதயாவின் காருக்குள் இருக்கிறது.

மாதாவே!

என் ஒர்க்ஷாப், எங்கள் தீவின் ஜிர்காடாங் போலீஸ் கேட்டுக்குப் பக்கத்தில். காலை ஒன்பது மணிக்குக் கேட் திறந்தால், வரிசையில் நிற்கிற வண்டிகளெல்லாம் போலீஸ் காவலோடு, கான்வாயாக, ஒன்றன்பின் ஒன்றாக ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் போகும். நடுவில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. உள்ளே போனும் எடுக்காது.

உதயா காட்டுக்கு அந்தப் பக்கம் ரங்கத் ஊரில் நர்ஸ். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. வரிசையில் காரை விட்டுவிட்டு, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எட்டே முக்காலுக்கு என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தா காடி பந்த் ஆயிடுது. காட்டுக்குள்ள வண்டி நின்னுட்டா என்னண்ணே பண்ணுவேன்?"

வரிசைக்கே போய் பானட்டைத் திறந்தேன். உஸ்ஸென்று எங்கோ காற்று இழுக்கிற சத்தம். தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது, அதற்குப் பெட்ரோல் போதவில்லை. அதனால்தான் ஐடிலிங்கில் குலுங்கிக் குலுங்கிச் சாகிறது. இந்த மாதிரி வந்தால் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக, கடித்த இடத்திலேயே பூட்டிக்கொண்டு நிற்கிற கிரிப் பிளேயரால் இடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். எதை இடுக்கும்போது இன்ஜின் நிதானத்துக்கு வருகிறதோ, அந்த வழியில்தான் ஓட்டை.

பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற பூஸ்டருக்குப் போகிற குழாயை இடுக்கினேன். அதே கையோடு, பக்கத்தில் ஒரு கிளிப் லூசாக இருந்ததைப் பார்த்து முறுக்கினேன். இன்ஜின் பூனை மாதிரி அடங்கியது.

கிளிப்தான் காரணம் என்று நினைத்துவிட்டேன். சோதனை பார்க்கும்போது எந்த மடையனாவது இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வானா? நான் செய்தேன். பத்து டாக்சி டிரைவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "லாரன்ஸ் பாய், கமால்!" என்று என்னைப் பாராட்டினான் ஒருவன். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டில் விசில் ஊதினார்கள். டப்பென்று பானட்டை மூடினேன்.

பிளேயர் அந்தக் குழாயை இடுக்கியபடியே இருந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். நான் ஏறி நின்று மிதித்தால் ஒருவேளை பிடிக்கும். உதயா நாற்பத்தைந்து கிலோகூட இருக்கமாட்டாள்.

காட்டுக்குள் வண்டிகள் மெதுவாகத்தான் போகும். கியரைக் குறைத்தே சமாளித்துவிடலாம். ஆனால் காடு முடிகிற மிடில் ஸ்ட்ரெயிட்டில் ரோடு சரிந்து, படகு ஏறுகிற ஜெட்டிக்கு இறங்குகிறது. அதற்கப்புறம் தண்ணீர்தான்.

ஓடினேன். கேட்டைச் சாத்தி இருபது நிமிடம் ஆகியிருந்தது. காவலில் இருந்த கான்ஸ்டபிளின் கையில் வயர்லெஸ்.

"க்யா ஹுவா, லாரன்ஸ்?" என்றார், நான் ஓடி வந்ததைப் பார்த்து.

ஒரு வார்த்தை போதும். முன்னால் போகிற போலீஸ் ஜீப்பிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். யார் பார்த்த வண்டி என்று கேட்பார்கள். நாளையிலிருந்து இந்த வரிசையில் எவன் என்னை நம்பி பானட்டைத் திறப்பான்?

"குச் நஹி" என்றேன். ஒன்றுமில்லையாம்!

சொல்லிவிட்டு ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி நடந்து, பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒன்றே கால் மணி நேரம். அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அந்தக் குழந்தை பின் சீட்டிலிருந்து எனக்கு டாட்டா காட்டியது கண்ணை விட்டுப் போகவில்லை. கேட்டில் வயர்லெஸ் கரகரக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டேன். இப்போதாவது போய்ச் சொல்லுடா என்று மனசு அடித்துக்கொண்டது. நான் எழுந்திருக்கவில்லை.

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. உதயா. எடுத்ததும் அழுகை.

"அண்ணே, ஜெட்டி இறக்கத்துல பிரேக்கே பிடிக்கலண்ணே. ரெண்டு கால வச்சு மிதிச்சு, ஹேண்ட் பிரேக்க இழுத்து... தண்ணிக்கு ஒரு அடி முன்னாடி நின்னுச்சு. பாப்பா நல்லாருக்கா. ஒண்ணும் ஆகல."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் இடம் கொடுக்கவில்லை.

"எல்லாம் என் தப்புதாண்ணே. உன்னால முடியாதுன்னு அவரு அப்பவே சொன்னாரு. நான்தான் வீம்பு பிடிச்சு எடுத்துட்டு வந்தேன். பதட்டத்துல மிதிக்கக்கூடத் தெரியல. புள்ளைய கொன்னிருப்பேண்ணே. இனி ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்."

கான்வாயில் கூட வந்த டாக்சிக்காரர் யோகராஜ்தான் காரைத் தள்ளி ஓரம் கட்டினாராம். பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்க்கிறேன் என்று நிற்கிறாராம்.

"திறக்க வேண்டாம்னு சொல்லும்மா" என்றேன். அவ்வளவு நிதானமான குரல் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "அடுத்த கான்வாய்ல நானே வர்றேன். அதுவரைக்கும் பானட்ல யாரும் கை வைக்கக் கூடாது."

"சரிண்ணே." மூக்கை உறிஞ்சினாள். "அடுத்தவங்க தப்புக்கு இவ்ளோ தூரம் யாருண்ணே வருவாங்க?"