லண்டன் மந்திரியும் பவானிபூர் கல்யாணமும்

"போச்சு! லண்டன்ல பெரிய மந்திரி ராஜினாமா பண்ணிட்டாராம்!"

மஹாதேவன் செருப்பைக்கூடக் கழட்டாம கூடத்துல வந்து விழுந்தார்.

அடுப்பங்கரையிலேர்ந்து மீனாக்ஷி கரண்டியோட ஓடி வந்தா. "அய்யய்யோ! நம்ம பிள்ளை அனந்துவோட வேலை?"

லண்டன்ல ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்தா, கல்கத்தா பவானிபூர்ல எதுக்கு அலறணும்னு கேப்பேள். காரணம் இருக்கு. மஹாதேவன் முன்னே ஊர்ல சமஸ்தானத்து குமாஸ்தா. திவான் மாறினார். புது திவான் தன் ஆளுகளோட வந்து இறங்கினார். பழைய திவான் வெச்ச ஆள் அத்தனை பேரும், தலைமை குமாஸ்தாலேர்ந்து தண்ணி ஊத்தறவன் வரைக்கும், ஒரே நாள்ல வேலை போய் ஆத்துக்கு. அன்னிக்கு மூட்டை கட்டினவர்தான் இங்க வந்து இறங்கினார்.

"சுண்டைக்காய் சமஸ்தானத்துக்கே அந்தக் கதி. இது லண்டன் திவான்டி! சர்க்கார் ஆஃபீஸே காலி. நம்மவன் டெம்பரரி வேற. முதல் தலை அவனோடதுதான்."

வாசல்ல பெங்காலிப் பசங்க "வந்தே மாதரம்"னு கத்திண்டு ஓடினா. வங்காளத்தை ரெண்டா வெட்டினானே வெள்ளைக்காரன், புது மந்திரி வந்து ஒட்ட வெச்சுடுவார்னு அவாளுக்கு நம்பிக்கை. பக்கத்தாத்து பௌதி, அதான் பெங்காலி மன்னி, ஒரு தட்டு சந்தேஷ் மிட்டாய் கொண்டு வந்து நீட்டினா. மீனாக்ஷி வாங்கிண்டு விசும்பினா. ஆனந்தக் கண்ணீராக்கும்னு பௌதி இன்னும் ரெண்டு வெச்சுட்டுப் போனா.

"புது மந்திரி யாராம்?"

"யாரோ பானர்மனாம்."

"பானர்ஜியா? அப்போ பெங்காலியாப் பார்த்துத்தான் வேலைல வெச்சுப்பான். போச்சு, எல்லாம் போச்சு!"

அப்பறம்தான் இன்னொண்ணு மண்டையில உறைச்சது. தை மாசம் அனந்துவுக்குக் கல்யாணம். பொண்ணாத்துக்காரா ரெண்டு சந்து தள்ளிதான். பொண்ணோட அம்மா ஜகதாம்பாள், கத்திரிக்காயைக்கூட நாலு தடவை திருப்பிப் பார்த்துட்டுத்தான் கூடையில போடுவா.

"சர்க்கார் உத்தியோகம்னுதானே பொண்ணு தரேன்னா? காதுல விழுந்தா கல்யாணத்தை நிறுத்திடுவாளே!"

"விழாது. யார் போய்ச் சொல்லப் போறா?"

யாரும் போக வேண்டியே வரலை. ஜகதாம்பாளே வாசப்படி ஏறிண்டிருந்தா.

"வாங்கோ மாமி, வாங்கோ!" மீனாக்ஷி முந்தானையால முகத்தைத் துடைச்சுண்டு சிரிச்சா.

ஜகதாம்பாள் உக்காரலை. "மாப்பிள்ளை ஆஃபீஸ்லேர்ந்து வந்தாச்சா?"

"எங்க? அவன் பக்கத்துல இல்லேன்னா துரைக்குப் பேனாவே ஓடாதே."

"லண்டன்ல மந்திரி போயிட்டாராமே?"

"எந்த லண்டன்?"னார் மஹாதேவன்.

"மாமா, மழுப்பாதேங்கோ. சமஸ்தானத்துல உங்களுக்கு நடந்தது நேக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு வேலை போயிடுமா, போகாதா?"

மீனாக்ஷிக்குச் சுர்ருனு ஏறித்து. "அதைக் கேக்கத்தான் இத்தனை வேகமா வந்தேளா? நேத்து வரைக்கும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு உருகினேளே! பொண்ணை என் பிள்ளைக்குக் குடுக்கறேளா, அவன் உத்தியோகத்துக்குக் குடுக்கறேளா?"

ஜகதாம்பாள் பாயை இழுத்துப் போட்டுண்டு நிதானமா உக்காந்தா.

"மார்கழி பிறக்க இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள தாலி கட்டிடட்டும். எங்காத்துக்காரர் நாள் பார்க்க வாத்தியாராத்துக்குப் போயிருக்கார்."

மஹாதேவனுக்குத் தன் காது மேலயே சந்தேகம். "கா... கார்த்திகையிலயேவா?"

"பின்னே? வேலை போனதுக்கப்பறம் கல்யாணம்னா என் மச்சினன்மார் ரெண்டு பேரும் 'கூடாது'ன்னு குதிப்பா. வேலை இருக்கறச்சயே முடிச்சுட்டா எவன் வாயைத் திறப்பான்? எங்க விஜயா அவரைத்தான் ஆம்படையான்னு மனசுல வெச்சிண்டிருக்கா. உத்தியோகம் இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும். வேற கிடைக்கற வரைக்கும் எங்காத்துல நாலு இலை கூடப் போட்டா ஆச்சு."

மீனாக்ஷி ஓன்னு அழுதுட்டா. "என்னெல்லாமோ பேசிட்டேனே மாமி! நீங்க மனுஷியே இல்லை, தெய்வம்!"

அதே அழுகையோட உள்ளே ஓடி, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பௌதி குடுத்த சந்தேஷ் எல்லாத்தையும் அள்ளி வெச்சிண்டு வந்தா.

அந்த நேரம் பார்த்து அனந்தகிருஷ்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அம்மா! அப்பா!"

"தெரியும்டா கண்ணா. கவலைப்படாதே, மாமி இருக்கா."

"என்ன தெரியும்? அங்க மந்திரி மாறினா இங்க குமாஸ்தாவையெல்லாம் யாரும் துரத்த மாட்டாளாம். உதறல் எங்க துரைக்குத்தான். புது மந்திரி என்ன கேள்வி கேப்பாரோன்னு, மாசக்கணக்கா மேஜையில தூங்கிண்டிருந்த காகிதம் அத்தனையிலயும் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தள்ளிட்டார். அதுல என்னோடதும் ஒண்ணு. என்னைப் பெர்மனென்ட் ஆக்கிட்டார்மா!"

மஹாதேவன் கன்னத்துல போட்டுண்டார்.

ஜகதாம்பாள் கண்ணைத் துடைச்சுண்டு, தாம்பூலம் வாங்கிக்க ரெண்டு கையையும் நீட்டினா.

மீனாக்ஷி தாம்பாளத்தை மெதுவா தன் பக்கம் இழுத்துண்டா.

"இப்போ என்ன அவசரம் மாமி? பெர்மனென்ட் பிள்ளையாச்சே... அலிப்பூர் வக்கீலாத்துலேர்ந்தும் ஒரு ஜாதகம் வந்திருக்கு. அதையும் ஒரு பார்வை பார்த்துட்டுச் சொல்லி அனுப்பறேனே!"