பதினாலு பவுண்டு

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்று காரின் பின்சக்கரத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். பெற்ற மகனைக் கொன்றவள் பக்கத்தில் நிற்க யாருக்குத்தான் மனசு வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பேச்சு நின்று பதினோரு மாதம். ஒரே வீட்டில் இருந்தும், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பதோடு சரி. இன்றைக்கும் அவள் கூப்பிடவில்லை. காலையில் அவராகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவள் குந்தி உட்கார்ந்து, காற்றளக்கும் கேஜை டயரில் வைத்தாள். வலது பின்சக்கரம் பதினாலு பவுண்டு. இடதும் பதினாலு. போன வருஷம் இதே கால் மைல் கார்ப் பந்தயத்தில் அண்ணனுக்கு அவள் வைத்துக்கொடுத்த அதே காற்று.

அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியை முதலில் மிதித்தவள் அவள். பந்தய டயரில் காற்றைக் குறைத்தால் தரையில் அகலமாக உட்காரும், கிளம்பும்போது சும்மா சுழலாமல் பிடித்துத் தள்ளும் என்று தாளில் போட்டுக் காட்டியவளும் அவள்தான். அண்ணன் அவளைக் கணக்குப்புள்ள என்பான். கணக்குப்புள்ள சொன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போவேன் என்பான்.

போனான். பச்சை விளக்கு விழுந்ததும் கார் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பிச் சுவரில் மோதியது.

டயர்கள் கிழிந்து தொங்கியதால் அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. பந்தயம் நடத்தியவர்கள் அவள் காற்றளவு குறித்து வைத்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்து, காற்று போதாமல் டயர் சக்கர விளிம்பைவிட்டு நழுவியிருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். படிச்ச திமிரு, கூடப் பொறந்தவனையே முழுங்கிட்டா என்று அத்தை துக்க வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

அதிலிருந்து பதினாலாம் நம்பர் பஸ் வந்தால் அவள் ஏறுவதில்லை. குளியலறைக் குழாய் சீறினால் காற்று இறங்குகிற சத்தமாகக் கேட்கிறது. தூக்கத்தில் வேறெதுவும் வராது, ஒரு கேஜ் முள் மட்டும் வந்து பதினாலில் நின்று நடுங்கும்.

அப்பாவும் ஆள் மாறித்தான் போனார். பஞ்சர் கடைக்காரர். தெருவில் சப்பையாக ஒரு சக்கரம் கண்ணில் பட்டால் போதும், யார் வண்டி என்றுகூடக் கேட்காமல் காற்றடித்துவிட்டு வருகிற மனுஷன். இப்போது கடையில் காற்றுக் குழாயைத் தொடுவதே இல்லை. வருகிறவர்களையே அடித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். மகன் போன துக்கம் என்றார்கள் பார்த்தவர்கள்.

அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் அதே ரகக் காரைத் தேடிப் பிடித்து, அதே டயரை மாட்டி, அதே காற்றை வைத்திருந்தாள். பதினாலு தப்பென்றால் அது தன்னையும் கொண்டு போகட்டும். சரியென்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவளோடு போட்டி போடப் பக்கத்துத் தடத்தில் காரோடு நின்ற பேக்கரிக்காரர் தலையை நீட்டி அவள் டயரைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பஞ்சரா? வீட்லயே கடைய வச்சுக்கிட்டு இப்படி வரலாமா?"

பந்தய டயர் அப்படித்தான் மடிந்து உட்காரும் என்று விளக்க அவளுக்குப் பொறுமை இல்லை. உங்க பன்னைவிட இது நல்லாவே உப்பியிருக்கு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றி டயரைச் சூடாக்கினாள். ரப்பர் புகை உள்ளே வந்தது. கோட்டில் நிறுத்தியபோது ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அது அவளுடைய மூச்சு மாதிரி இல்லை.

கிளட்ச்சப் பட்டுனு விட்டுடாத, மெல்ல வழுக்கி விடு என்றான் அண்ணன், காதுக்குள்ளேயே. பச்சைக்குக் காத்திருக்காத, கடைசி மஞ்சள்லயே கிளம்பு. பயமா இருக்கா என்று கேட்டான். அவள் கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட்டாள்.

முதல் மஞ்சள் விளக்கு. இரண்டாவது. மூன்றாவது.

விட்டாள். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. டயர் துளி வழுக்கவில்லை, ஸ்டியரிங் விரலளவு திரும்பவில்லை. கார் நூல் பிடித்த மாதிரி போய்க் கால் மைல் கோட்டைத் தாண்டியது. பேக்கரிக்காரர் எங்கேயோ பின்னால் இருந்தார்.

ஜெயித்ததை அவள் கவனிக்கவே இல்லை. திரும்பி வந்து வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்பா கிட்டத்தில் வந்தார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினாள், இல்லை.

"பதினாலு தப்பில்லப்பா," என்றாள். "நேராத்தான் போச்சு. அப்ப அண்ணன் வண்டி மட்டும் ஏம்ப்பா திரும்புச்சு?"

அவர் பின்சக்கரத்தின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். உள்ளங்கையை டயர்மேல் வைத்தார்.

"அன்னிக்கு நீ பேர் குடுக்கப் போயிருந்தே. டயர் சப்பையா கெடக்கேன்னு ஒரு சக்கரத்துக்குக் காத்தடிச்சேன். இன்னொண்ணுக்கு அடிக்கிறதுக்குள்ள அவனைக் கூப்பிட்டுட்டாங்கம்மா."